அன்று மதகு என் முறை

உங்கள் நாற்காலி மேசைக்குத் தாழ்வாக இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. அப்படிக் கூன் போட்டு எழுதினால் சீக்கிரமே முதுகு போய்விடும். ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். நான் நீதிமன்றத்தில் வேலை பார்த்தபோது இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. சாட்சிகள் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. ஓய்வு பெறும்வரை அதையேதான் செய்தேன். எத்தனையோ வாக்குமூலங்கள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்றே தெரியாது. உங்களுக்கு அந்தத் தொந்தரவு இருக்காது. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் வருத்தமும் இல்லை. தம்பி வீட்டில் இருந்தேன். அவனுக்கு மருமகள் வந்த பிறகு, "அக்கா, உனக்கும் பேச்சுத்துணைக்கு நாலு பேர் வேணும்ல" என்று ஆரம்பித்தான். பேச்சுத்துணை வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டவளுக்கு அது எதற்கு? இருந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த முதியோர் குடியிருப்புக்கு வந்துவிட்டேன். தம்பி மாதம் ஒரு முறை வருவேன் என்றான். அந்தப் பேச்சை விடுங்கள்.

குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காட்டையும் சதுப்பையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் வந்தபோது அவை இருந்த கோலத்தை நீங்கள் பார்த்ததில்லை. மரங்களைக் கொடி மூடியிருந்தது. தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. சமையலறைக் குப்பையை நாணலுக்குள்தான் கொட்டுவார்கள். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தின் கொடியை வெட்டினேன். மறுநாள் இன்னொரு மரம். பிறகு ரயில் டிரைவர் வந்தார். ரயிலெல்லாம் விட்டு ரொம்பக் காலமாகிறது, ஆனாலும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எங்கள் கூட்டத்துக்குக் காட்டுக்குழு என்று பேர் வைத்தோம். எனக்கு ஸ்டெனோ அக்கா என்று பேர் வைத்தார்கள்.

நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். கொடியை மேலே வெட்டினால் போதாது, தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். பாவம் பார்த்து ஒரு துண்டை விட்டால் அடுத்த மழைக்கு மரத்தின் கழுத்தில் இருக்கும். நாணல் பக்கம் போனால் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். நாய், ரேடியோ, பேரப்பிள்ளைகள் கூடாது. "ஸ்டெனோ அக்கா இருந்தா தும்மல் கூட மூக்குக்குள்ளேயே திரும்பிப் போயிடும்" என்று ரயில் டிரைவர் கேலி செய்வார். ஆனால் அவரும் மெதுவாகத்தான் தும்முவார்.

பக்கத்து ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் சதுப்புக்கு வருகிறது. அது சதுப்பைத் தொடும் இடத்தில், இரும்புச் சக்கரம் வைத்த மதகு ஒன்று இருக்கிறது. வெயில் காலத்தில் சதுப்பு வறண்டுவிடாமல் வாரம் ஒரு நாள் அதைத் திறந்து, தண்ணீர் ஏறியதும் சாத்துவோம். இதை முறை வைத்துச் செய்தோம். சேற்றுக்குள் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத்தான் தெரியும். கெட்டித் தரை போகிற வழியெல்லாம் மூங்கில் குச்சி நட்டு, மஞ்சள் துணி கட்டியிருந்தேன். பறவை பார்க்க, கரையோரமாகப் பலகைத் தட்டி வைத்த ஒரு மறைப்பும் உண்டு. அந்த மறைப்பில் உட்கார்ந்துதான், நாணலுக்குள் தாழைக்கோழி கூடு கட்டுவதை முதன்முதலாகப் பார்த்தேன். அன்று யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அதுவரை என்னைத் தேடி எதுவும் வந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் பல் டாக்டர் குடிவந்தார்.

நல்ல மனிதர். இதை நீங்கள் அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளலாம். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. ஆள் குண்டு, கை மட்டும் பூ மாதிரி இருக்கும். வந்த அன்றே சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார். "வாழ்க்கை பூரா நான் பேசினதுக்கு யாரும் எதிர்த்துப் பேசினதே இல்லைங்க. பேச வாயெடுத்தா பஞ்சை வச்சிடுவேன்" என்றார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "அக்காவுக்குப் பல்லு நல்லா இருக்கணும், அதான் காட்ட மாட்டேங்கிறாங்க" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலிதான். பேச்சும் போய் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. "போலாம்." பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம், மின்விசிறியைப் பார்த்தாலும் போலாம். டாக்டர் அதற்கெல்லாம் பொருள் சொல்வார். இந்தப் போலாம் தண்ணீர் கேட்கிறது, இந்தப் போலாம் கோபம் என்பார். எல்லோர் முன்னாலும் அந்த அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார். தலை வாரிவிடுவார். வகிடு கோணலாகத்தான் இருக்கும். எனக்கு அது கண்ணை உறுத்தும். ஒரு வேலையைச் செய்தால் நேராகச் செய்ய வேண்டாமா?

அவரும் காட்டுக்குழுவில் சேர்ந்தார். காலையில் சதுப்புக்கு வந்தால், தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டுவார். மாடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி இடது கையை ஆட்டுவார். நாணல் பக்கம் இப்படி ஆட்டக் கூடாது என்று நான் சொன்னேன். "சரிங்கக்கா" என்றார். மறுநாளும் ஆட்டினார். அவரோடு வந்தால் சிரித்துப் பேசலாம் என்று ஆட்கள் கூடினார்கள். வேலையும் நடந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கன்றை எங்கே நடுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மெல்ல மெல்ல அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் என்னைக் கைகாட்டுவார். "தலைவி அங்க இருக்காங்க, அங்க கேளுங்க." என்னிடம் வருவதற்கு அவருடைய சிபாரிசு தேவைப்பட்டது.

ஒரு கூட்டத்தில் அவர் அந்த யோசனையைச் சொன்னார். கரையிலிருந்து நாணலுக்கு நடுவே திறந்த தண்ணீர் வரைக்கும் ஒரு பலகைப் பாதை. சக்கர நாற்காலி போகிற அகலத்தில்.

"அவளுக்குத் தண்ணிக்குப் பக்கத்துல போகணும்னு ஆசை. ஜன்னல்ல இருந்து பாத்துப் பாத்துப் போலாம் போலாம்ங்கிறா" என்றார்.

"அது கூடு இருக்கிற இடம்" என்றேன்.

"தெரியும்க்கா. கூட்டை விட்டுத் தள்ளியே போடலாம். சத்தமில்லாம போட்டா, கொஞ்ச நாள்ல அதுங்களும் நமக்குப் பழகிக்கும்."

"பழகாது."

"நீங்களே எனக்குப் பழகிட்டீங்களே, அக்கா" என்றார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. ரயில் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு யாருக்கெல்லாம் சம்மதம் என்று மேலாளர் கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த அம்மாவின் இடது கையும் உயர்ந்தது. உயராத கை என்னுடையது ஒன்றுதான்.

நான் கோபப்படவில்லை. அறைக்குப் போய்ச் சேலையை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கோபத்தில் செய்தது என்று பின்னால் யாராவது வாதாடினால் அது பொய்.

கூட்டம் முடிந்த மறுவாரம் அவரே என்னிடம் வந்தார். தச்சர் வருவதற்கு முன்னால் பாதை போகிற வழியை அளந்து வைக்க வேண்டுமாம். "எங்க தரை கெட்டின்னு உங்களுக்குத்தான் தெரியும். வழி நீங்க சொல்லாம நான் கால் வைக்க மாட்டேன்" என்றார்.

"குச்சி நட்டிருக்கேன். மஞ்சத் துணியைப் பாத்து நடங்க. காலையிலயே போனா தண்ணி கம்மியா இருக்கும்" என்றேன்.

"நீங்களும் வருவீங்கல்ல?"

"வருவேன்."

அன்று சாயங்காலம் போய்ச் சில குச்சிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டேன். எல்லாவற்றையும் இல்லை. கடைசியில் இருந்தவற்றை மட்டும். அவை இப்போது மதகுக்கு எதிரே இருக்கும் பள்ளத்துக்கு வழி காட்டின. மேலே பாசி படர்ந்து புல்தரை மாதிரி இருக்கும். கீழே சேறு. யாரும் அவரைத் தள்ளவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் இடுப்புவரை உள்ளே இருந்தார். அளக்கும் நாடா பக்கத்தில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல வேளை வந்தீங்க. சேத்துல மாட்டிக்கிட்டேன்க்கா. சிரிச்சிடாதீங்க" என்றார்.

நான் சிரிக்கவில்லை.

"அசையாதீங்க. அசைஞ்சா இன்னும் உள்ள போவீங்க. அப்படியே இருங்க, வர்றேன்" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மதகு என் முறை. மற்றவர்கள் முறையில் நான் தலையிட்டதாக யாரும் சொல்ல முடியாது. போய்ச் சக்கரத்தைச் சுற்றித் திறந்தேன். எப்போதும் திறப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தேன், வெயில் கடுமையாக இருந்தது. பிறகு மறைப்புக்குள் போய் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். கூப்பிட்டால் தீயணைப்பு வண்டி வரும். கயிறும் ஏணியும் பூட்ஸ் காலும் நாணலுக்குள் இறங்கும். ஒரு கூடும் தப்பாது. ஒருவர் பள்ளத்தில் விழுந்தார் என்பதற்காக ஒரு பருவத்துக் குஞ்சுகளை மிதித்துக் கொல்ல நான் சம்மதிக்க முடியாது. அந்த இடத்தில் அவற்றுக்காகப் பேச என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

அவர் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பழக்க தோஷம். ஆட்கள் பேசினால் என் விரல் தொடையில் சுருக்கெழுத்துப் போட ஆரம்பித்துவிடும். அன்றும் போட்டது. நீங்கள் கேட்டால் வாசித்துக் காட்டுகிறேன்.

முதலில் சாதாரணமாகத்தான் பேசினார். "அக்கா, தண்ணி ஏறுதே. யாரோ மதகைத் திறந்துட்டாங்க போல. சாத்திட்டு வந்துடுங்க." கொஞ்சம் கழித்து, "அக்கா, எங்க இருக்கீங்க? காலு மரத்துப் போச்சு." பிறகு கத்தினார். கட்டிடத்துக்கு முன்பக்கத்தில் காலை உடற்பயிற்சி நடக்கும் நேரம் அது. ஒலிபெருக்கியில் பாட்டு போட்டிருப்பார்கள். துண்டை எடுத்து ஆட்டினார். மாடி ஜன்னலில் அந்த அம்மா இடது கையை ஆட்டினார். தினமும் ஆட்டுவதுதானே என்று நினைத்திருப்பார். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். அந்த அம்மாவும் வேகமாக ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கை நின்றது.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது கத்துவதை நிறுத்திவிட்டார். நான் மறைப்புக்குள் இருப்பது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. இந்தப் பக்கமே பார்த்துப் பேசினார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அவ மாத்திரை அலமாரி மேல் தட்டுல இருக்கு. முழுசா குடுத்தா தொண்டையில நிக்கும். பொடி பண்ணித் தேன்ல குழைச்சுக் குடுக்கணும். ராத்திரி இடது பக்கம் சாய்ச்சுப் படுக்க வைக்கணும். தூக்கத்துல முனகுவா, பயந்துடாதீங்க, கையைப் பிடிச்சாப் போதும்."

பிறகு, "அவ ஜன்னல்ல இருக்காளா? இருந்தா அவளை அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்க. பாக்க வேணாம்" என்றார். அதற்குப் பிறகு சொன்னது வார்த்தையாக இல்லை. அதை எடுக்கவில்லை.

ஜன்னலுக்குப் போய்த் திருப்பிவிட எனக்கு நேரமில்லை. மதகைச் சாத்த வேண்டியிருந்தது. குச்சிகளையும் பழைய இடத்தில் நட்டேன். வேறு யாராவது தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாது அல்லவா? கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனபோது, அந்த அம்மா மேலே "போலாம், போலாம்" என்று அலறுகிற சத்தம் கேட்டது. பணிப்பெண் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி அலறினார். மறுபடி தள்ளிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ரயில் டிரைவர்தான் துண்டைப் பார்த்தார். உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். நாணல் உயரம், மதகிலிருந்து அவர் இருந்தது தெரியவில்லை என்றேன். தலைநரைத்த பெண்ணிடம் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். ரயில் டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைக் குத்தம் சொல்லிக்காதீங்கக்கா" என்று அழுதார். சரி என்றேன்.

அந்த அம்மாவுக்கு மகன் வெளிநாட்டில். வந்தான், இருந்தான், போனான். பிறகு யார் பார்ப்பது? நான்தான் பார்த்துக்கொண்டேன். மாத்திரையைப் பொடி பண்ணித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தேன். வகிடு இப்போது நேராக இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். நான் உள்ளே போனாலே அவருக்கு உடம்பு உதறும். தேனைத் துப்புவார். "உங்ககிட்ட மட்டும் ஏன்தான் இப்படி முரண்டு பண்றாங்களோ" என்று பணிப்பெண் அலுத்துக்கொள்வாள். "துக்கம்" என்பேன். தம்பி ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "உனக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா" என்றான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அம்மா இடது கையால் வட்டம் வட்டமாகச் சுற்றிக் காட்டுவார். ஆள் யார் வந்தாலும் காட்டுவார். நாற்காலியைத் திருப்பச் சொல்கிறார் என்று எல்லோரும் திருப்பினார்கள். சுவரைப் பார்க்கத் திருப்புவார்கள், ஜன்னலைப் பார்க்கத் திருப்புவார்கள். அவர் அழுதுகொண்டே மறுபடி சுற்றிக் காட்டுவார். என்னிடமும் ஒரு முறை காட்டினார். அது இரும்புச் சக்கரம் என்று எனக்குத் தெரிந்தது. நான் நாற்காலியைத் திருப்பிவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறாளே, அந்தப் பெண் கெட்டிக்காரி. நாற்காலியைத் திருப்பாமல், "எதைச் சுத்தணும்? எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா ஜன்னல் வழியாக மதகைக் காட்டியிருக்கிறார். பிறகு சுவரில் இருந்த டாக்டரின் படத்தை. பிறகு, குடையோடு வாசலில் வந்து நின்ற என்னை. அதனால்தானே நீங்கள் வந்தீர்கள். நான் மறுத்திருக்கலாம். ஒரு வார்த்தை மட்டும் பேசத் தெரிந்த சாட்சியை எந்த வக்கீலும் குறுக்கு விசாரணையில் கலைத்துவிடுவார், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரமத்தை அவருக்கு வைக்க வேண்டாம் என்றுதான் நானே சொல்கிறேன். இதை என் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பேனாவை மூடுகிறீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாக்குமூலம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

அவர் நினைவாக அந்தப் பலகைப் பாதையைப் போட்டுவிட்டார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. போன வாரம் அந்த அம்மாவை நாற்காலியில் வைத்து நானே அதில் தள்ளிக்கொண்டு போனேன். பாதி தூரம் போனதும் அவர் பலகையின் ஓரத்தைப் பார்த்துக் கை நீட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். குனிந்து பார்த்தேன். பலகையைத் தாங்கும் கட்டைகளுக்கு நடுவில், பாதையை ஒட்டியே, தாழைக்கோழி கூடு கட்டியிருந்தது. மேலே சக்கரம் உருளுகிறது, ஆட்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். அது முட்டை மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

குடையால் அதை விரட்டிவிட்டுக் கூட்டைப் பிய்த்தெடுத்துத் தண்ணீரில் விட்டேன். முட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், போலாம் என்று கூடச் சொல்லவில்லை. தாழைக்கோழி அந்த இடத்தில் கட்டியிருக்கக் கூடாது. மனிதர்களுக்குப் பழகிவிட்டால் அதற்குத்தான் ஆபத்து. இதையும் நான் அந்தப் பறவைகளுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.